நூற்று எண்பத்தேழு மறுபக்கங்கள்

ஜூன் 3, வெள்ளி

இந்த நோட்டு நானா ஆசைப்பட்டு எழுதுறது இல்லை. கம்ப்யூட்டர் சென்டர் ஜெபக்கனி போட்ட உத்தரவு. "எந்தப் பக்கத்துல என்ன மாத்துனீங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்கக்கா. நீங்க இல்லாத அன்னைக்கு யாரு எடுத்துப் பார்த்தாலும் புரியணும்"னு சொன்னா. என்னைவிடப் பதினாறு வயசு சின்னவ. சொல்லிக்கொடுக்கிற மிதப்பு. இருக்கட்டும், எழுதுறேன்.

யாரு பார்த்தாலும் புரியணும்னா முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். என் பேரு செண்பகவல்லி. வயசு நாப்பத்திரண்டு. கோவில்பட்டியில சங்கரவேலு அண்ணாச்சி நடத்துற மறுமணத் தகவல் மையத்துல டைப் அடிக்கிறதுல இருந்து டீ வாங்குறது வரைக்கும் நான்தான். அண்ணாச்சி மக இருபத்தினாலு வயசுல புருசனை இழந்துச்சு. ஊர் என்ன பேசும்னு யோசிக்காம அதுக்கு ரெண்டாவது கல்யாணம் பண்ணி வச்சாங்க. அந்தச் சூட்டோட ஆரம்பிச்ச மையம் இது. ரெண்டு வருசமா இன்டர்நெட்லயும் இருக்கோம். ஆளுக்கு ஒரு பக்கம், மொத்தம் நூத்தி எண்பத்தேழு பக்கம்.

இன்னைக்கு மாத்துனது: நாப்பத்தோரு பக்கத்துல பேரோட நிறம், சிவப்புல இருந்து பச்சைக்கு. சிவப்புல பேரு இருந்தா ஆளைக் கோடு போட்டு அடிச்சுவிட்ட மாதிரி இருக்குன்னு அண்ணாச்சிக்குத் திடீர்னு தோணிருச்சு. பக்கத்தைத் திற, பேரை மார்க் பண்ணு, பச்சையை அமுக்கு, சேவ் பண்ணு, மூடு. இன்னும் நூத்தி நாப்பத்தாறு இருக்கு. மணிக்கட்டு விட்டுப்போச்சு.

ஜூன் 4, சனி

மாத்துனது: முப்பது பக்கத்துல நிறம். அப்புறம் 112ஆம் பக்கத்துல உயரம்.

112 அய்யலுசாமி. கழுகுமலை கால்நடை மருந்தகத்துல உதவியாளர். நாப்பத்தேழு வயசு, சம்சாரம் இறந்து ஆறு வருசம், பிள்ளை கிடையாது. மூணு வருசமா நம்மகிட்ட பதிவு பண்ணி வச்சிருக்கார். மாசத்தோட முதல் சனிக்கிழமை மூணு மணிக்கு டாண்ணு வந்துருவார், தன் பக்கத்துல ஏதாவது மாத்தணும்னு. போன மாசம் போன் நம்பர். அதுக்கு முந்தின மாசம் போட்டோ. இன்னைக்கு, அஞ்சடி ஆறுன்னு போட்டிருக்கோமாம், அஞ்சடி ஆறரைதான் சரியாம். அரை இஞ்சுக்கு ஒரு மனுசன் பஸ் ஏறி வருவானா? மூஞ்சியைக் காட்டிட்டுத்தான் மாத்திக்கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க மேடம்"னு சொல்லிட்டு ஒரு காப்பியும் குடிச்சிட்டுப் போனார். மூணு ஸ்பூன் சீனி.

மையத்துக்கு வர்ற ஆம்பளைங்க எல்லாரையும் நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். இவரை மட்டும் ஸார். கவர்மென்ட் உத்தியோகம்ல, அதான்.

ஜூன் 7, செவ்வாய்

இன்னைக்கு அழுகையா வந்துச்சு. நிறம் மாத்துறதுக்கு நாலு நாளா மணிக்கட்டை ஒடிச்சிருக்கேன். ஜெபக்கனி வந்து பார்த்துட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

"அக்கா, ஒவ்வொரு பக்கத்துலயும் போய் நிறம் போடக்கூடாது. நிறம், எழுத்தோட அளவு, கட்டம் எல்லாத்தையும் வெளியே தனியா ஒரு ஃபைல்ல எழுதிரணும். ஸ்டைல் ஷீட்னு பேரு. பக்கத்துல ‘இது பேரு’, ‘இது ஊரு’ன்னு மட்டும் சொன்னாப் போதும். பேருன்னா என்ன நிறம்னு அந்த ஃபைலைப் பார்த்துக்கிடும்."

நம்ம சாஃப்ட்வேர்ல நாம பக்கத்தை அப்படியே கண்ணால பார்த்துக்கிட்டே செய்யிறோம்ல, அதுலயே ஓரமா ஒரு ஜன்னல் இருக்கு. ‘ஸ்டைல் ஷீட்டை இணை’ன்னு ஒரு பட்டன். ரெண்டு வருசமா அது அங்கதான் இருந்திருக்கு. நான் அதைத் தொட்டதே இல்லை. மூணு பக்கத்தை இணைச்சுட்டு அந்த ஃபைல்ல பச்சைன்னு இருந்ததை நீலம்னு மாத்துனா. மூணும் ஒரே நேரத்துல நீலமாச்சு.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னட்டி?"ன்னு கேட்டேன். "நீங்க கேக்கலையேக்கா"ன்னா.

ஜூன் 15, புதன்

எல்லாப் பக்கத்தையும் இணைச்சாச்சு. இப்ப அண்ணாச்சி ஒரு நாளைக்கு நாலு நிறம் மாத்தச் சொல்றாங்க. மாத்துறேன், எனக்கென்ன.

இன்னைக்கு முக்கியமான விசயம் மறுபக்கம். எழுதி வைக்கணும்.

அண்ணாச்சி காகிதத்துல நடத்துன காலத்துல, வந்த ஜாதகத்துக்குப் பின்னாடி பென்சில்ல எழுதுவாங்க. ஆளைப் பத்தி அவங்க ஊர்ல போய் விசாரிச்சது. குடி உண்டா, மாமியார் எப்படி, முதல் சம்சாரம் எப்படிப் போனா. ஒரு சம்பந்தம் வந்தா முதல்ல மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் அடுத்த பேச்சு. அவங்களுக்கு முழங்கால் வலி வந்ததுல இருந்து, மூணு வருசமா விசாரிப்பு என் வேலை. பஸ் பிடிச்சுப் போய் இஸ்திரி வண்டிகிட்ட, டீக்கடையில, பக்கத்து வீட்டுல, ரேசன் கடையில கேட்டு வருவேன்.

அதையெல்லாம் தனி நோட்டுல வைக்கலாம்னு சொன்னேன். அண்ணாச்சி கேக்கலை. "ஜாதகத்தோட மறுபக்கம் ஜாதகத்தோடதாம்மா இருக்கணும். பிரிச்சா எவனுக்கோ எழுதுனது எவனுக்கோ போயிரும்." கல்யாணம் முடிஞ்சவங்க பக்கத்தையும் அழிக்கக்கூடாதாம். மங்கள காரியத்துக்கு வந்ததை நம்ம கையால அழிக்கிறது ஆகாதாம்.

அதனால ஜெபக்கனி ஒரு வழி சொன்னா. பக்கத்துக்கு அடியில மறுபக்கத்தை எழுதி அதுக்கு ஒரு பேரு வைக்கிறது. வெளி ஸ்டைல் ஷீட்ல ‘அந்தப் பேரு இருந்தா மறை’ன்னு ஒரே வரி. பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. என் சாஃப்ட்வேருக்குள்ள மட்டும் வேலை செய்யிற இன்னொரு ஷீட்டு, அதுல மறுபக்கம் மஞ்சளா நல்லாத் தெரியும். அண்ணாச்சிக்கு ஏக சந்தோசம்.

ஜெபக்கனி மட்டும் போறப்போ, "மறைக்கிறது வேற, எடுக்கிறது வேறக்கா. பக்கத்துக்குள்ள அது இருக்கத்தான் செய்யும். பார்த்துக்கோங்க"ன்னா. படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு பயம்.

ஜூன் 20, திங்கள்

கரன்ட் இல்லை. மாத்துனது ஒண்ணுமில்லை.

ஜூலை 2, சனி

மாத்துனது: 112இல் வீட்டு விலாசத்துல ‘தெற்கு’ங்கிறது ‘தெற்குத் தெரு’.

கேட்டா பதில் சொல்வார், இல்லாட்டி சுவரைப் பார்ப்பார். இன்னைக்கு ஒரு எருமைக்குப் பிரசவம் பார்த்த கதையைச் சொன்னார். கன்னுக்குட்டி மூச்சு விடலையாம். வாயில ஊதி எழுப்புனாராம். எனக்கு ஏன் இதைச் சொல்றார்னு தெரியலை. கேட்டுக்கிட்டேன். அஞ்சு மணி பஸ்ஸை விட்டுட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போனார்.

ஜூலை 12, செவ்வாய்

சங்கரன்கோவில்ல இருந்து மரகதம்னு ஒரு நர்ஸ், முப்பத்தொன்பது வயசு, 112ஐப் பார்த்துட்டுக் கேட்டு எழுதியிருந்தாங்க. அண்ணாச்சி என்கிட்ட, "மறுபக்கம் வாசிம்மா"ன்னாங்க. வாசிச்சேன். அண்ணாச்சி தலையை ஆட்டிட்டு, "பாவம், இவனுக்கு மட்டும் இப்படியே போகுது. சரி, 98ஐ அனுப்பு"ன்னாங்க.

98 நல்ல ஆளு. மரகதத்துக்குப் பொருத்தமா இருக்கும். 112க்கு நான் ஒண்ணும் கூட்டி எழுதலை. மத்தவங்க ஊருக்கு ஒரு தடவை போய் விசாரிப்பேன், இவருக்குக் கழுகுமலைக்கு நாலு தடவை போயிருக்கேன். அவ்வளவு கவனமா விசாரிச்சதைத்தான் எழுதியிருக்கேன்.

ஜூலை 13, புதன்

ராத்திரிச் சோறு இறங்கலை. கத்திரிக்காய் காறல்.

ஜூலை 21, வியாழன்

ஜெபக்கனி ஒரு கேள்வி கேட்டா. "ஊரெல்லாம் சேர்த்து வைக்கிறீங்க, உங்களுக்கு ஏங்கா ஒரு பக்கம் இல்லை?" என் வீட்டுக்காரர் லாரி மோதிப் போய்ப் பத்து வருசம். மகன் முருகேசன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். எனக்கு என்ன குறைன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டுட்டேன் போல. அப்புறம் அவ ஸ்டைல் ஷீட்டைத் தவிர எதையும் பேசலை.

ஆகஸ்ட் 6, சனி

மாத்துனது: எல்லாமே. அண்ணாச்சி புதுசா ஒரு தோற்றம் கேட்டாங்க. புது ஸ்டைல் ஷீட்டு எழுதினேன். பேருக்குப் பச்சை, கட்டத்துக்கு இளஞ்சிவப்பு ஓரம், போட்டோ வலது பக்கம். மறுபக்கத்தை மறைக்கிற வரியையும் மறக்காமப் போட்டேன். மாதிரிக்கு ஒரு புதுப் பக்கம் திறந்து அதுல ஷீட்டை இணைச்சேன். இங்கிலீசுல ஏதோ ஒரு பெட்டி வந்து கேட்டுச்சு. அது எப்பவும் ஏதாவது கேக்கும். ஓகே குடுத்தேன். மாதிரியில இருந்த இணைப்பு வரியை அப்படியே எல்லாப் பக்கத்துலயும் மாத்திப் போடுன்னு சாஃப்ட்வேருக்குச் சொன்னேன். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது. எல்லாம் அழகா இருந்துச்சு. மத்தியானம் ரெண்டரைக்கு இன்டர்நெட்ல ஏத்தியாச்சு.

ஏத்துனப்புறம் வேற கம்ப்யூட்டர்ல போய்ப் பார்க்கணும்னு ஜெபக்கனி சொல்லியிருக்கா. பக்கத்துல பிரவுசிங் சென்டர் இருக்கு. போகலை. நம்ம கம்ப்யூட்டர்லயே இன்டர்நெட்ல திறந்து பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. மூணு மணி ஆகப்போகுது, முகம் கழுவிப் பொட்டு வச்சுக்கிட்டேன். வெயில்ல வேர்த்திருந்துச்சு.

112இல் ‘பிடித்த உணவு’ கத்திரிக்காய்னு இருந்ததை எடுக்கச் சொன்னார். ஏன்னு கேட்டேன். "உங்களுக்குக் காறும்னு போன மாசம் சொன்னீங்களே"ன்னார். எனக்குக் காறுனா இவர் பக்கத்துல ஏன் எடுக்கணும்? எடுத்துக்கொடுத்தேன். போறப்போ, "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவாங்க?"ன்னார். "லீவுதான். ஒரு வாரத் துணி கிடக்கும்"னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

ஆகஸ்ட் 8, திங்கள்

ஒன்பதரைக்குக் கதவைத் திறக்கிறேன், போன் அடிச்சுக்கிட்டே இருக்கு.

முதல்ல 63. "எங்க அம்மா வாய் நீளம்னு எழுதியிருக்கே, யாரு அளந்து பார்த்தது?" எனக்கு ஒண்ணும் புரியலை. அடுத்து 29. அவர் கத்தலை. "தலைமுடி சொந்தமில்லைன்னு ஊருக்கே போட்டுட்டீங்களே"ன்னு மெதுவாச் சொல்லிட்டு வச்சுட்டார். அதுதான் ரொம்ப உறைச்சுது. மூணாவது போன் வர்றதுக்குள்ள பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

நம்ம பக்கங்கள் துணி இல்லாம நிக்குது. பச்சை இல்லை, கட்டம் இல்லை, எல்லாம் கறுப்பு எழுத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில மறுபக்கம். நூத்தி எண்பத்தேழு பேரோட மறுபக்கமும், முந்தாநாள் மத்தியானத்துல இருந்து.

திரும்பி வந்து நம்ம கம்ப்யூட்டர்ல பார்த்தா எல்லாம் ஜோரா இருக்கு.

ஜெபக்கனி வந்து ஒரே நிமிசத்துல கண்டுபிடிச்சா. புதுப் பக்கத்தைச் சேவ் பண்ணாமலே ஷீட்டை இணைச்சிருக்கேன். சேவ் பண்ணாத பக்கம் எங்க இருக்குன்னு சாஃப்ட்வேருக்குத் தெரியாதாம். அதனால ஷீட்டு இருக்கிற இடத்தை ‘இந்தக் கம்ப்யூட்டரோட டி டிரைவ்’னு எழுதிக்கிட்டு, ‘முதல்ல சேவ் பண்ணு’ன்னு அந்தப் பெட்டியில சொல்லியிருக்கு. நான் ஓகே குடுத்திருக்கேன். இன்டர்நெட்ல பார்க்கிறவங்க எல்லாரும் அவங்கவங்க டி டிரைவ்ல என் ஷீட்டைத் தேடியிருக்காங்க. என்னோட டி டிரைவ்ல மட்டும் அது இருந்துச்சு. அதனால உலகத்துல எனக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காத் தெரிஞ்சுது.

அந்த வரியைச் சரி பண்ணி மறுபடி ஏத்த அரைமணி. மறுபக்கமெல்லாம் மறைஞ்சுது. வாசிச்சவங்க வாசிச்சதுதான்.

அண்ணாச்சி திட்டலை. "மறுபக்கம் ஜாதகத்தோட இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சது நாந்தானே"ன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் போன்ல மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

112 போன் பண்ணலை. கழுகுமலையில இன்டர்நெட் பார்க்கிறவங்க யாரு இருக்கப்போறா. பார்த்திருக்க மாட்டார். பார்த்திருக்கவே மாட்டார்.

ஆகஸ்ட் 10, புதன்

பார்த்துட்டார்.

அவரோட அக்கா மக பெங்களூர்ல இருக்காம். அதுதான் பார்த்துட்டு காகிதத்துல எடுத்துக் கூரியர்ல அனுப்பியிருக்கு. பதினோரு மணிக்கு வந்தார். புதன்கிழமை. அண்ணாச்சி மேஜையில அந்தத் தாளை வச்சு, "இதை எழுதுனது யாருங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டார். குரல் ஏறவே இல்லை.

அண்ணாச்சி கண்ணாடி போட்டு வாசிச்சாங்க. இவ்வளவு நாளும் நான் வாய்விட்டு வாசிக்கிறப்போ கடைசி ரெண்டு வரியைத்தான் வாசிப்பேன். முழுசா அவங்க பார்த்தது இன்னைக்குத்தான். இனிமே எதை மறைச்சு என்ன, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

‘இடது காலை லேசாக இழுத்து நடக்கிறார், மழைக்காலத்தில் கூடுதல். காப்பிக்கு மூன்று ஸ்பூன் சீனி, பின்னால் சர்க்கரை வரலாம். குடை எடுத்து வந்தாலும் விரிக்க மாட்டார். பேச்சு குறைவு, பேசினால் மாடு எருமை. சட்டை மேல் பொத்தான் எப்போதும் தவறான ஓட்டையில். ஆஸ்பத்திரியில் நாய்களுக்குத் தன் சோற்றைப் போட்டுவிட்டுப் பட்டினி இருக்கிறார், குடும்பத்துக்கு ஆகாத குணம். சட்டைப் பையில் இறந்த மனைவியின் படம். பழைய நினைப்பிலேயே இருக்கிறார். வருகிற பெண்ணுக்கு இடம் இருக்காது. இப்போதைக்கு வேண்டாம்.’

மத்தவங்க மறுபக்கமெல்லாம் ரெண்டு வரி, மூணு வரி.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டி என்னைப் பார்த்தாங்க. "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியேம்மா"ன்னாங்க. அப்புறம் முழங்காலுக்குத் தைலம் வாங்கணும்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. தைலம் மேஜையிலதான் இருந்துச்சு.

நான் எந்திரிச்சு நின்னேன். "நான்தான் எழுதினேன்."

"என்னைக் கேட்டு எத்தனை பேரு வந்தாங்க?"

"மூணு பேரு. போன வருசம் ரெண்டு, போன மாசம் ஒண்ணு."

"மூணு பேரா."

உட்கார்ந்துட்டார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

"ஒருத்தருமே என்னைக் கேக்கலைன்னு நினைச்சிருந்தேன். எங்க அக்கா எனக்குத் தோசம் இருக்குன்னு திருநள்ளாறு கூட்டிட்டுப் போனா. ராமேஸ்வரத்துல பரிகாரம் பண்ணினோம். போன தையில அரசமரத்தடியில நாகர் சிலை வச்சா. நானும் நமக்குத்தான் ஏதோ சரியில்லைன்னு கண்ணாடி பார்க்கிறதையே விட்டுட்டேன். தோசம் இந்தத் தாள்லதான் இருந்திருக்கு." அப்புறம் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு பேனாவும் பஸ் டிக்கெட்டும். "படத்தை எடுத்து வீட்டுல மாட்டி நாலு வருசம் ஆச்சு. அதையாவது சரியா விசாரிச்சிருக்கலாம்."

"தெரியும்"னேன்.

"தெரியுமா?"

"ரெண்டாவது தடவை விசாரிக்க வந்தப்பவே உங்க பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான்தான் மாத்தி எழுதலை."

"ஏன்?"

அப்ப ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் நாலு சாக்கு வந்துச்சு. அவர் சட்டைப் பை இன்னும் வெளியே தொங்குது, அதைப் பார்த்ததும் சொல்ல முடியலை. "உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா முதல் சனிக்கிழமை வரமாட்டீங்க. அதான்"னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் காது ரெண்டும் நெருப்பா எரிஞ்சுது. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. மூணு வருசமாப் பிடிச்சிருக்கு. எழுதியாச்சு.

அவர் சட்டைப் பையை உள்ளே தள்ளினார். "அரை இஞ்சு மாத்துறதுக்காகவா நான் பஸ் ஏறி வந்தேன்னு நினைச்சீங்க?"ன்னார்.

"அப்ப நீங்க வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தா யாருக்குங்க கேக்கத் தோணும்?"

எனக்குச் சிரிப்பு வரப்பார்த்துச்சு. அவர் சிரிக்கலை.

"இப்பவும் கேக்க மாட்டேன்"னார். "எனக்கு வயிறு எரியுது. என்னைப் பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லாம, எனக்கு வந்த மூணு வாழ்க்கையை நீங்க உட்கார்ந்து தட்டிவிட்டிருக்கீங்க. அது பிரியம் இல்லைங்க."

தாளை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டார். காப்பி வேணுமான்னுகூட நான் கேக்கலை.

ஆகஸ்ட் 11, வியாழன்

ஆபீஸுக்குப் போகலை.

ஆகஸ்ட் 12, வெள்ளி

அண்ணாச்சிகிட்ட வேலையை விட்டுர்றேன்னு எழுதிக் குடுத்தேன். வாங்கிப் பார்த்துட்டு, "விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, முடிச்சுக் குடு"ன்னாங்க. நூத்தி எண்பத்தேழு பக்கத்துல இருந்தும் மறுபக்கத்தை எடுக்கணும். மறைக்கக்கூடாது, எடுக்கணும். எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, அவங்க மறுபக்கத்தை அவங்ககிட்டயே வாசிச்சுக் காட்டணும். தப்புன்னா மன்னிப்பு, உண்மைன்னா, அதை என்ன செய்யணும்னு அவங்களே சொல்லட்டும்.

"இதுக்கு ஒரே வரியில வழி கிடையாதாம்மா?"ன்னு அண்ணாச்சியே கேட்டாங்க. கிடையாது அண்ணாச்சி, ஒவ்வொண்ணாத்தான்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

இதுவரைக்கும் எழுபத்திரண்டு. திட்டுனவங்க நாப்பது பேர் இருக்கும். 63ஓட அம்மா, "வாய் நீளந்தான், உனக்கும் குறைச்சல் இல்லை போலிருக்கே"ன்னாங்க. 29, முடி விசயத்தைப் பக்கத்துலயே போட்டுருங்க, இனிமே பயம் இல்லைன்னார். வர்ற பொண்ணு அதைத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டுமாம்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

அந்த மூணு பேருக்கும் இன்னைக்குப் பேசினேன். தள்ளித் தள்ளிப் போட்டது.

போன வருசத்துப் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிருச்சு. ஒருத்தி, "போனது போகட்டும்கா"ன்னா. இன்னொருத்தி வச்சுட்டா. நர்ஸ் மரகதம் 98ஐ இன்னும் பார்க்கலை. நான் பொய் எழுதினேன், அய்யலுசாமி நல்ல மனுசன், பழைய நினைப்புன்னு எழுதினது என் சொந்தச் சரக்குன்னு சொன்னேன். "ஏன் அப்படி எழுதினீங்க?"ன்னாங்க. சொன்னேன். "அவர் நம்பர் குடுங்க"ன்னாங்க. குடுத்தேன். ரெண்டு தடவை சொல்லி, சரியா எழுதிக்கிட்டாங்களான்னு திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன்.

போனை வச்சுட்டு அழுதேன். கண்ணுல தூசின்னு எழுத நினைச்சேன், இந்த நோட்டுல இனிமே அது வேண்டாம்.

ஆகஸ்ட் 29, திங்கள்

மரகதம் போன் பண்ணினாங்க. அவர்கிட்டப் பேசினாங்களாம். "பத்து நிமிசம் பேசினார். அதுல எட்டு நிமிசம் உங்களைத் திட்டினார். இவ்வளவு திட்டுறவருக்கு நான் எதுக்குங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு, 98ஐப் பத்தி விசாரிச்சாங்க. 98ஐப் பத்தி எனக்குத் தெரிஞ்ச நல்லது கெட்டது எல்லாம் சொன்னேன். ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறாங்க.

திட்டினாரா. திட்டட்டும். எட்டு நிமிசத்துல அடங்குற விசயம் இல்லையே அது.

செப்டம்பர் 2, வெள்ளி

நூத்தி எண்பத்தாறு பக்கம் முடிஞ்சுது. 112க்கு மட்டும் போன் போடலை. அவர் வாசிச்சுட்டார்ல. மறுபக்கத்தை எடுத்தேன். பக்கத்துக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் பாஷையைத் திறந்து நானே கண்ணால பார்த்தேன், ஒரு எழுத்துகூட இல்லை. ஜெபக்கனியை விட்டுப் பிரவுசிங் சென்டர்லயும் பார்க்கச் சொன்னேன். இல்லைன்னா.

வேலையை விடுற கடிதாசியைப் பத்தி அண்ணாச்சி பேச்சே எடுக்கலை. நானும் எடுக்கலை.

செப்டம்பர் 3, சனி

முதல் சனிக்கிழமை. மூணு மணிக்கு வரலை. நாலுக்கும் வரலை. ஆறு மணி பஸ் போற வரைக்கும் ஆபீஸைத் திறந்து வச்சிருந்தேன்.

வரமாட்டார். வரணும்னு கேக்க எனக்கு வாயில்லை.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஆபீஸ் விசயம் எதுவும் இன்னைக்கு இல்லை. ஆனாலும் எழுதணும்.

காலையில துணியை எடுத்துக்கிட்டுத் தெருமுனைக்குப் போனேன். அங்க ஆவுடையக்கா இஸ்திரி வண்டி போட்டிருக்கு. எங்க தெருவுல யாரைப் பத்தி விசாரிக்க யாரு வந்தாலும் முதல்ல நிக்கிறது அந்த வண்டிகிட்டதான். நான் விசாரிக்க வெளியூர் போனாலும் முதல்ல இஸ்திரி வண்டியைத்தான் தேடுவேன்.

என்னைக் கண்டதும் அக்கா பெட்டியைக் கீழே வச்சுச்சு.

"நேத்து மத்தியானம் ஒரு ஆளு வந்து உன்னை விசாரிச்சாருடி."

"என்னையா? யாரு?"

"பேரு சொல்லலை. காலை லேசா இழுத்து நடந்தாரு. மூணு மணி இருக்கும். கையில குடை வச்சுக்கிட்டு வெயில்ல நின்னாரு, விரிக்கலை. ஒரு மணி நேரம் நின்னு கேட்டாரு. நான் மட்டுமில்லை, ரேசன் கடை, உன் எதிர்வீடு எல்லாம் போயிட்டு வந்தாரு."

வண்டியைப் பிடிச்சுக்கிட்டேன்.

"என்னத்தக் கேட்டாரு?"

"கேக்க வேண்டியதைத்தான். புள்ள எங்க இருக்கான், என்ன சம்பாத்தியம், அம்மாவைப் பார்த்துக்கிடுறானா. வீட்டுக்கு யாரு வந்து போறது. ஒடம்புக்கு ஏதும் உண்டா. கோபம் வருமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வரும்னு சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்றே? போன பங்குனியில சேலையில ஒரு சுருக்கு நின்னதுக்கு நீ என்னை நடுத்தெருவுல வச்சுக் கிழிச்சதையும் சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"‘அது எனக்குத் தெரியும்மா, வேற சொல்லுங்க’ன்னாரு."

எனக்கு நாப்பத்திரண்டு வயசு. என்னைப் பத்திக் கேக்குறதுக்கு ஒரு ஆளு தெருவுக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆச்சு. அப்ப வந்தவங்க எங்க அப்பாவோட நிலத்தைத்தான் விசாரிச்சாங்க.

நான் அழுறதைப் பார்த்து ஆவுடையக்கா பயந்துபோச்சு. "ஏதும் தப்பாச் சொல்லிட்டேனாடி? அடுத்த வாரமும் வருவாராம். இன்னும் ரெண்டு மூணு பேரைக் கேக்கணுமாம். வந்தா மாத்தி ஏதும் சொல்லணுமா?"

"வேண்டாம்க்கா. உள்ளதை மட்டும் சொல்லு"ன்னேன்.